புதிய வடிவத்துக்கு உங்களை வரவேற்கிறோம்

2012 தொடக்கத்தில் தமிழ்ப் பதிவர்கள் பலருடைய ஓட்டுப்பட்டை மக்கர் செய்ய ஆரம்பித்தது. தேர்தல் ஓட்டு இல்லை. ஒரு பதிவைப் படித்துவிட்டுப் பிடித்திருந்தால் தமிழ்மணத்தில் அழுத்துவோமே, அந்த ஓட்டு. பதிவர்கள் தங்கள் வார்ப்புருவில் எதையும் தொடவில்லை, தமிழ்மணமும் தொடவில்லை. நடந்தது வேறு. கூகுள் தன்னுடைய பிளாகர் சேவையில் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தது. இந்தியாவிலிருந்து படிப்பவருக்கு 'பிளாக்ஸ்பாட் டாட் காம்' என்ற முகவரி 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்று மாறித் திறக்கும். ஒரு நாட்டு அரசாங்கம் ஒரு பதிவை நீக்கச் சொன்னால் அந்த நாட்டுக்கு மட்டும் மறைத்துக்கொள்ள வசதியாக இந்த ஏற்பாடு. கூகுளுக்கு அது நிர்வாகம். திரட்டிக்கு அது ஒரே பதிவுக்கு ரெண்டு முகவரி. காம் முகவரியில் விழுந்த ஓட்டு வேறு, இன் முகவரியில் விழும் ஓட்டு வேறு. பதிவை இணைக்கப் போனால் இந்த முகவரி பட்டியலிலேயே இல்லை என்று சொல்லும்.

தொழில்நுட்பம் எழுதுகிற பதிவர்களுக்கு அந்த மாதம் நல்ல வேட்டை. முகவரியின் கடைசியில் 'என்சிஆர்' என்று மூன்று எழுத்தைச் சேர்த்துத் திருப்பிவிடும் நிரல்துண்டு ஒன்று கைக்குக் கை போனது. அதை வார்ப்புருவில் ஒட்டினால் எல்லோருக்கும் காம் முகவரியே திறக்கும். ஒட்டியவர்கள் தப்பித்தார்கள். ஒட்டத் தெரியாதவர்கள், அல்லது எழுதுவதை நிறுத்திவிட்டு ஏற்கனவே போய்விட்டவர்கள், அப்படியே விடப்பட்டார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு இருபது வயசில் இருப்பவர்களுக்குத் திரட்டி என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். காசி ஆறுமுகம் 2004இல் தமிழ்மணத்தைத் தொடங்கினார். தமிழில் எழுதும் வலைப்பதிவுகளின் ஓடைகளை ஒரே பக்கத்தில் கொண்டுவந்து கொட்டியது அது. யார் புதிதாக என்ன எழுதினார்கள், எந்தப் பதிவில் இப்போது மறுமொழி விழுந்தது, வாசகர்கள் எதைப் பரிந்துரைக்கிறார்கள், எல்லாம் ஒரே முகப்பில். வாரத்துக்கு ஒரு பதிவர் நட்சத்திரம். மறுமொழி விழுந்த பதிவு முகப்புக்கு ஏறும் என்பதால் சிலர் தன் பதிவுக்குத் தானே மறுமொழி போட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் 'பின்னூட்டக் கயமை' என்று பெயர் வைத்து, அதையும் சிரித்துக்கொண்டே செய்தார்கள். 2006இல் நிர்வாகம் கைமாறியது. மறுமொழியை மட்டுறுத்தும் பதிவுகளுக்குத்தான் மறுமொழிப் பட்டியலில் இடம் என்ற விதி வந்தது. முகப்பில் ஒரு பெட்டி இடம் மாறினாலும் ஊரே பேசும்.

தமிழ்மணம் ஓடையைத் திரட்டியது என்றால், தமிழிஷ் சுட்டியைத் திரட்டியது. அமெரிக்காவில் டிக் என்ற தளம் செய்த காரியத்தின் தமிழ் வடிவம். யார் வேண்டுமானாலும் ஒரு சுட்டியைக் கொண்டுவந்து போடலாம். மற்றவர்கள் ஓட்டுப் போடுவார்கள். போதுமான ஓட்டு சேர்ந்தால் 'பிரபலமானவை' பக்கத்துக்கு ஏறும். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: பதிவு எழுதாதவருக்கும் அங்கே வேலை இருந்தது. படிப்பது, தேர்ந்தெடுப்பது, சேமிப்பது. 2010இல் தமிழிஷ், இன்ட்லி என்று பெயர் மாற்றி மற்ற இந்திய மொழிகளுக்கும் கிளை விட்டது. பழைய பட்டையைக் கழற்றிப் புதிய பட்டையை ஒட்டுவது எப்படி என்று மறுபடியும் பதிவுகள். தமிழிஷ் என்ற சொல்லில் தமிழ் இருந்தது, இன்ட்லியில் இட்லிதான் கேட்குது என்று என் சித்தப்பா ஒரு நாள் சொன்னார்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏன்னா இந்தக் கட்டுரையே அவருடைய பட்டியலால் வந்தது. எங்கள் ஊர் வேம்பார். தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடி, தாண்டினால் ராமநாதபுரம். முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் ஒன்று. இன்று கேட்டால் கருப்பட்டிக்குப் பேர் போன ஊர் என்பார்கள். சித்தப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். மூன்று வாரத்துக்கு ஒரு துறைமுகம், துறைமுகத்தில் ரெண்டு மணி நேரம் இணையம். அந்த ரெண்டு மணி நேரத்தில் படிக்க முடியாது. குறித்து வைக்கத்தான் முடியும். அப்புறம் ஊருக்கு வந்ததும் விளாத்திகுளத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, குறித்து வைத்ததையெல்லாம் படிப்பார். ஒரு வரி எழுதினவர் கிடையாது. ஆனால் ஒரு சமூகக் குறிப்புச் சேவையில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அதில் முத்துக்குளிப்பு, பரதவர், சங்கு, அண்ட்ரிக் அடிகளார், கொற்கை என்று குறிச்சொல் போட்டு இருநூற்றுச் சொச்சம் சுட்டிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரிக் குறிப்பு. 'இவன் சொல்ற வருஷம் தப்பு.' 'இது நம்ம தாத்தா சொன்ன கதைதான்.' 'புன்னைக்காயல்காரர், விவரமானவர்.'

இதை நான் வெறும் பாசத்தில் சொல்லவில்லை. இந்தக் கரையின் வரலாற்றை நெடுங்காலம் வெளியாட்கள்தான் எழுதினார்கள். போர்த்துக்கீசியர் கடிதம், டச்சுக்காரர் அறிக்கை, ஆங்கிலேயர் முத்துக்குளிப்பு வரவுசெலவு. அண்ட்ரிக் அடிகளார் என்று நம் மக்கள் அழைக்கும் அன்றீக்கே அன்றீக்கசு 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டது இந்தக் கரை மக்களை மனதில் வைத்துத்தான். ஆனால் அந்த மக்கள் என்ன நினைத்தார்கள் என்பது அச்சில் வர நாலு நூற்றாண்டு ஆனது. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தது. அதே வருஷம்தான் தமிழ்மணமும். 'கொற்கை' 2009. இந்த ஐந்தாறு வருஷங்களில், நாவலைப் படித்துவிட்டு, 'எங்க ஊர்ல இப்படி இல்ல, இப்படி' என்று எழுத உட்கார்ந்த கரைக்காரர்கள் எத்தனையோ பேர். சவூதியில் ஒருத்தர், மும்பையில் ஒருத்தர், மாலத்தீவில் பள்ளிக்கூடத்தில் ஒருத்தர். ஆளுக்கு ஆறேழு பதிவு. புத்தகமாக எவரும் போடவில்லை. அவை எங்கே இருக்கின்றன என்பது எழுதியவருக்கே மறந்திருக்கும். குறித்து வைத்தவருக்குத்தான் தெரியும்.

சித்தப்பா பயன்படுத்திய அந்தச் சேவையின் பெயர் வேண்டாம். ஒரு நாள் அது புதிய வடிவத்துக்கு மாறியது. உள்ளே நுழைந்ததும் வரவேற்பு வாசகம், பெரிய படங்கள், வட்டமான பொத்தான்கள். குறிச்சொற்கள் ஒரு மூலைக்குள் போய்விட்டன. குறிப்பு எழுதும் இடமே இல்லை. பழைய குறிப்புகள் எங்கே என்றால் எங்கேயும் இல்லை. தலைப்புகள் இருந்தன, ஆனால் தமிழாக இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று பொறியியல் பேசலாம், சுவாரசியமாகத்தான் இருக்கும். யூனிகோட் தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு எடுக்கும். 'வேம்பார்' என்ற சொல்லில் வ, ஏகாரக் கொம்பு, ம, புள்ளி, ப, கால், ர, புள்ளி என்று எட்டு குறியீடு. ஆக 24 பைட்டு. தரவுத்தளத்தை ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இது யூடிஎஃப்-8 என்று சொல்ல மறந்து, லத்தீன் எழுத்து என்று நினைத்துப் படித்தால், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று லத்தீன் கிறுக்கலாக வெடிக்கும். தமிழுக்கு அந்தக் கிறுக்கல் எப்போதும் ஒரே முகம்தான்: தலைக்கு மேல் சாய்ந்த கீற்று போட்ட ஒரு 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு 'ஆர்'. பத்து வருஷத்துக்கு முன் தமிழில் எதையாவது சேமித்தவர்கள் இதைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுவிடுவார்கள். இன்னொரு தொல்லை, நீளம். தலைப்புக்கு 255 இடம் என்று ஆங்கிலத்தை மனதில் வைத்து ஒதுக்கி, எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணினால், தமிழுக்குக் கிடைப்பது 85 குறியீடு. தலைப்பு பாதியில் வெட்டுப்படும். கடைசி எழுத்து உடைந்து ஒரு கேள்விக்குறிக் கட்டமாக நிற்கும்.

சரி, தலைப்பு போனால் என்ன, முகவரியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், அங்கேதான் பிளாகரின் கைங்கர்யம். ஆங்கிலத்தில் தலைப்பு வைத்தால் அந்தச் சொற்கள் முகவரியில் வரும். தமிழில் வைத்தால் பிளாகர் அதை அப்படியே விழுங்கிவிட்டு 'பிளாக்-போஸ்ட்' என்று போடும். அடுத்த தமிழ்ப் பதிவுக்கு 'பிளாக்-போஸ்ட் 12', அதற்கடுத்தது 'பிளாக்-போஸ்ட் 23'. வருஷமும் மாதமும் தெரியும், அவ்வளவுதான். ஓர் ஆங்கிலப் பதிவின் சுட்டியில் தலைப்பு, குறிப்பு எல்லாம் அழிந்தாலும் முகவரி பேசும். தமிழ்ச் சுட்டி ஊமை. அதனால் தமிழில் படித்தவருக்குக் குறிச்சொல்லும் குறிப்பும்தான் சுட்டியின் உயிர். வடிவம் மாற்றுபவர்களுக்கு அது அலங்காரமாகத் தெரிந்தது.

உலகத்திலும் இதே காலத்தில் இதேதான் நடந்துகொண்டிருந்தது, பெரிய அளவில். டிக் 2010 ஆகஸ்ட் 25 அன்று நான்காம் பதிப்பு என்று ஒன்றை வெளியிட்டது. பிடிக்காத சுட்டியைப் புதைக்கும் பொத்தானைத் தூக்கினார்கள். புதிதாக வருவதைப் பார்க்கும் பக்கத்தைத் தூக்கினார்கள். பெரிய செய்தி நிறுவனங்கள் தங்கள் ஓடையை நேராகக் கொண்டுவந்து கொட்டலாம் என்று வழி திறந்தார்கள். தளம் அடிக்கடி படுத்தது வேறு. வாசகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சில நாட்களில் போட்டித் தளமான ரெடிட்டின் சுட்டிகளையே ஓட்டுப் போட்டு டிக்கின் முகப்பு முழுக்க நிரப்பினார்கள். பிறகு கூட்டமாக ரெடிட்டுக்கே போய்விட்டார்கள். 2012இல் டிக்கின் பெயரும் தளமும் சுமார் 5 லட்சம் டாலருக்கு விலை போனதாகச் செய்தி வந்தது. நியூயார்க்கில் அது ஒரு நல்ல வீட்டின் விலைகூட இல்லை.

டிக்கின் கதை சத்தமானது. டெலிஷியஸின் கதை எனக்கு அதைவிட முக்கியம். ஜோஷுவா ஷாக்டர் 2003இல் தொடங்கிய தளம். குறிச்சொல் போட்டுச் சுட்டியைச் சேமிக்கும் பழக்கத்தை உலகத்துக்குக் கொடுத்ததே அதுதான். 2005 டிசம்பரில் யாகூ வாங்கியது. 2008இல் ஒரு மறுவடிவம். பெயரின் நடுவில் இருந்த புள்ளிகள் போயின, அது பெரிய சேதமில்லை. அந்த வருஷக் கடைசியில் 53 லட்சம் பயனர்கள் என்று கணக்குச் சொன்னார்கள். 2010 டிசம்பரில் யாகூவின் உள்கூட்டத்துப் படம் ஒன்று கசிந்தது; மூடப்போகும் சேவைகளின் பட்டியலில் டெலிஷியஸ். 2011 ஏப்ரலில் யூடியூபைத் தொடங்கிய சாட் ஹர்லியும் ஸ்டீவ் சென்னும் தங்கள் புதிய நிறுவனத்துக்காக அதை வாங்கினார்கள். செப்டம்பர் கடைசியில் முழுக்கப் புதிதாக எழுதித் திறந்தார்கள்.

அங்கே ஒரு கூட்டம் இருந்தது, ரசிகர் புனைவு படிப்பவர்கள். தொலைக்காட்சித் தொடர், நாவல் பாத்திரங்களை வைத்து வாசகர்களே எழுதும் கதைகள். லட்சக்கணக்கில் கதை, பல தளங்களில் சிதறி. அதற்கெல்லாம் நூலகம் கட்டியவர்கள் இவர்கள்தான், டெலிஷியஸின் குறிச்சொற்களை வைத்து. எந்தப் பாத்திரமும் எந்தப் பாத்திரமும் ஜோடி என்பதை இரண்டு பெயருக்கு நடுவில் ஒரு சாய்கோடு போட்டுக் குறிப்பார்கள். புதிய டெலிஷியஸில் குறிச்சொல்லில் சாய்கோடு செல்லாது. ஒரு சாய்கோடு! குறிச்சொற்களை அடுக்கி வைத்திருந்த தொகுப்புகளும் போயின. பதிலாகப் படங்களோடு அடுக்கும் ஒரு புதிய வசதி கொடுத்தார்கள். அடுத்த வருஷமே அதையும் தூக்கிவிட்டார்கள்.

போலந்தில் பிறந்த மாசே செக்வாவ்ஸ்கி என்பவர் தனியாளாகப் பின்போர்டு என்ற சேவையை நடத்திக்கொண்டிருந்தார். படமில்லை, பளபளப்பில்லை, கணக்கு தொடங்கக் காசு. உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று அந்தக் கூட்டத்திடம் அவர் கேட்டார். அவர்கள் ஒரு பொது ஆவணத்தைத் திறந்து ஆளாளுக்கு எழுத ஆரம்பித்து, இரண்டே நாளில் அது ஐம்பது பக்கத்தைத் தொட்டது. அட்டவணை, குறுக்குச் சுட்டு, எல்லாம் ஒழுங்காக. வடிவமைப்பாளர் ஒருவர் எழுதியிருந்தால் அதற்குச் சம்பளம் கேட்டிருப்பார். டெலிஷியஸ் பிறகும் இரண்டு முறை கைமாறி, 2017 ஜூனில் அதே செக்வாவ்ஸ்கியிடம் வந்து சேர்ந்தது. விலை 35,000 டாலர். வாங்கி, பார்க்க மட்டும் வைத்தார்.

இதைப் படித்துவிட்டு, மாற்றமே கூடாது என்று சொல்கிறேன் என நினைக்க வேண்டாம். பழைய டெலிஷியஸ் பார்க்க ரேஷன் கடைப் பட்டியல் மாதிரி இருக்கும். தமிழ்மணத்தின் முகப்பில் எதற்கு எது என்று புரியவே ஒரு வாரம் ஆகும். திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறியதைவிடப் பெரிய மறுவடிவம் தமிழ் இணையத்தில் கிடையாது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் அதைத் தாண்டி வந்தது. ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள்: நூல்களின் வரிசை எண்ணை மாற்றவில்லை. எழுத்துரு மாறியது, எண் அப்படியே இருந்தது. ஈழத்து நூலகத் திட்டத்திலும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் எண். தளம் எப்படி மாறினாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேரலாம்.

எங்கள் கரையில் கடலுக்குள் பார் இருக்கும் இடத்தைக் கரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். கோயில் கோபுரமும் ஒரு பனங்கூட்டமும் நேர்கோட்டில் வர வேண்டும், இன்னொரு பக்கம் வேறு ரெண்டு அடையாளம் சேர வேண்டும். ரெண்டு கோடும் வெட்டும் இடத்தில் கல்லைப் போடு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961. அதோடு முத்துப் பார்கள் தேவைப்படாமல் போயின, ஆனாலும் மீனுக்கும் சங்குக்கும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது கையில் ஜிபிஎஸ். சாதனம் உப்புத்தண்ணி பட்டுக் கெட்டால் குறித்து வைத்த அத்தனை புள்ளியும் போகும், அதனால் கொஞ்சம் விவரமானவர்கள் நோட்டிலும் எழுதி வைக்கிறார்கள். பனையை வெட்டிவிட்டு 'உங்கள் கடற்கரை இப்போது இன்னும் அழகாக' என்று பலகை வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கூகுள் ரீடரில் 2011 அக்டோபர் 31 அன்று அப்படி ஒரு பலகை வந்தது. நண்பர்கள் படித்துப் பகிர்ந்ததைப் பார்க்கும் வசதி ஒரே இரவில் போனது. அதற்குப் பதில் கூகுள் பிளஸ் பயன்படுத்து என்றார்கள். ஈரானில் தணிக்கையைத் தாண்டிப் படிக்க அந்தப் பகிர்வைப் பயன்படுத்தியவர்கள் கதறினார்கள். 2013 ஜூலை 1 அன்று ரீடரே மூடப்பட்டது, சில வருஷம் கழித்து கூகுள் பிளஸும். ட்விட்டர் 2015 நவம்பரில் நட்சத்திரத்தை இதயமாக்கியது. அப்புறம் படிக்கலாம் என்று நட்சத்திரம் போட்டு வைத்த சண்டைகள், இரங்கல் குறிப்புகள் எல்லாம் மறுநாள் காலையில் 'உங்களுக்குப் பிடித்தவை'. நீங்கள் பாக்கெட்டில் சேமித்திருப்பீர்கள். அது 2025 ஜூலை 8 அன்று மூடியது.

கடைசியாக அந்த 'டாட் இன்' விஷயம். நாட்டுக்கு நாடு வால் மாற்றுவதை கூகுள் 2018இல் நிறுத்திக்கொண்டது. 2020இல் 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்ற பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது, அதை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். இதன் பொருள் என்ன? 2012க்கும் 2018க்கும் இடையில் இந்தியாவில் உட்கார்ந்து ஒரு பிளாக்ஸ்பாட் பதிவின் முகவரியை நகலெடுத்தவர்களுக்கு, அந்த என்சிஆர் நிரல்துண்டை பதிவர் ஒட்டியிருந்தால் தவிர, கிடைத்தது இன் முகவரி. அத்தனையும் ஒரே நாளில் செத்தன. அதே பதிவைச் சிங்கப்பூர் துறைமுகத்திலிருந்து குறித்திருந்தால் பிழைத்திருக்கும். எழுதுவதை நிறுத்திவிட்டுப் போன அந்த இரண்டாவது கூட்டத்தின் பதிவுகள் காம் முகவரியில் இன்றும் சும்மா கிடக்கின்றன. யாரும் வராத கடைபோல, கதவு திறந்தே.

சித்தப்பா கப்பல் வேலையை விட்டுக் கரைக்கு வந்த பிறகு போன் செய்தார். "ஏல, சங்கு குளிக்கிறதப் பத்தி மாலத்தீவுக்காரன் ஒருத்தன் எழுதியிருந்தானே, அது எங்கல கிடக்கு? திறந்தா என்னத்தையோ விளம்பரம் வருது." அந்தச் சேவை மூடுவதற்கு முன் அவர் இறக்கி வைத்திருந்த கோப்பு ஒரு பென் டிரைவில் இருந்தது. கீற்று போட்ட 'ஏ'யும் வட்டத்து 'ஆரு'மாக 214 வரிகள். கிறுக்கலைத் தமிழாகத் திருப்புவது கடினமில்லை, லத்தீன் என்று நினைத்து எழுதியதை மறுபடி பைட்டாக்கி யூடிஎஃப்-8 என்று படிக்கச் சொன்னால் போதும். வெட்டுப்பட்ட தலைப்புகள் மட்டும் வெட்டுப்பட்டதுதான். பிறகு இன் முகவரிகளை எல்லாம் காம் என்று மாற்றினேன். 97 திறந்தன. வேறு ஒரு 31, இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் கிடைத்தன, சிலவற்றில் படங்கள் இல்லை.

மாலத்தீவுக்காரரின் பதிவு அந்த 97இல் இருந்தது. 2009 மே மாதத்துப் பதிவு, ஓரத்தில் தமிழ்மணத்தின் பட்டைக்கான இடம் வெள்ளையாக. அதைத் தாளில் அச்செடுத்து சித்தப்பாவுக்கு அனுப்பினேன். பழைய குறிப்புகளை அவர் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறார், நான் சுட்டிக்கு நேரே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை நாற்பது முடிந்திருக்கிறது.